முப்பதுக்கு முப்பத்தொன்று

கிரான்பர்ன், மெல்பர்ன்
9 ஏப்ரல் 2025

என் தங்கை நபீசாவின் ஒரே மகளும், சிட்னி கலையுலகின் இளவரசியும், சொந்தத் தாய்மாமனை வாட்ஸப்பில் முடக்கிய கொடுங்கோலியுமான ஃபர்ஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளன்று காலையில் நான் அனுப்பிய நாற்பத்தேழாவது குரல்பதிவுக்கு நீல டிக் விழவில்லை. அப்போதுதான் விளங்கியது. அன்று முழுக்கக் கிரான்பர்னில் சூரியன் உதிக்கவில்லை. மாடுகள் பால் தரவில்லை. பரவாயில்லை. தபால்காரரை முடக்கும் பொத்தான் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பதிலையும் தபாலிலேயே அனுப்பு, தமிழில் அனுப்பு. ஆங்கிலத்தில் எழுதினால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன்.

நான் செய்த குற்றம் என்ன? என் பக்கத்து வீட்டு ஆங்கிலேய ஓவியர் வினிஃப்ரெட் ஆட்டில்பி அம்மையாருக்கு உன் கலைக்கூடத்தில் கண்காட்சி வைக்கப் போகிறாய். “மாமா, அவரைப் பற்றித் தெரிஞ்சதைச் சொல்லுங்கோ” என்றாய். சொன்னேன். கைக்குழந்தையாக ஒரு மீன் பீப்பாயில் மூன்று நாள் வடகடலில் மிதந்தார் என்றது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு நாள் மிதந்திருப்பார். அதை நீ கையேட்டில் போட்டு, அச்சுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் அம்மையாரே போனில் “நான் பீப்பாய்க்குள் இறங்கியதே இல்லை” என்றால், அதற்கு நானா பொறுப்பு?

இப்போது உண்மை வரலாறு. 1941-இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தார். தகப்பன் கிழிந்த வலை பொத்துகிறவர். பதினாறு வயதில் நாரிச் நகரத்து ஓவியப் பள்ளி. எண்ணெய் வர்ணத்தில் படகுகளைத் தீட்டினார். வர்ணமோ விலை கூடியது, படகோ ஒரு நிமிடம் சும்மா நிற்காது. ஆகவே மரத்திலும், பிறகு தரைக்கு விரிக்கிற லினோலியத்திலும் செதுக்கத் தொடங்கினார். 1972-இல் கணவரோடு மெல்பர்ன். கணவர் தாஸ்மேனியாவுக்கு ஒரு வாரம் தூண்டில் போடப் போனவர், இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மையார் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், கிரான்பர்ன் வெறும் புல்வெளியாக இருந்த காலத்திலேயே வீடு வாங்கினார். புல்வெளி போய் வீடுகள் வர வர எல்லாவற்றையும் செதுக்கிவைத்தார்: மாடு, வேலி, கிரேன், குப்பைத் தொட்டி, கொடியில் காயும் என் சாரன்.

அச்சு இயந்திரம் அவரிடம் கிடையாது. செதுக்கிய பலகையில் மை உருட்டி, தாளை வைத்து, உன் ஜெஸீமா மாமியின் சிரட்டை அகப்பையின் முதுகால் தேய்த்தே படம் எடுப்பார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் முன்னால் வேலிக்கு மேலால் அகப்பை போகும். பெருநாளன்று கருப்பட்டி வட்டிலப்பம் போகும், படம் ஒன்று வரும். 2014 முதல் போன வருடம் வரை பதினொரு படம், இந்த வருடம் கண்காட்சி வேலையில் படம் இல்லை. பதினொன்றையும் உன் கூடப்பிறந்த நானா ருஷ்தியின் காரில் அனுப்பியிருக்கிறேன். லண்டன் அரண்மனைக்காரர்கள் கேட்டும் கொடுக்காதவை.

தடைசெய்யப்பட்ட உன் மாமன்,
நிஸ்தார்

*

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
17 ஏப்ரல் 2025

மாமா,

வ அலைக்கும் ஸலாம். நாற்பத்தாறு குரல்பதிவுகளை நான் முழுதாகக் கேட்டேன் என்பதையும் வரலாற்றில் சேருங்கள். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வாழ்க்கை வரலாற்றுக்கு நன்றி. அரண்மனையை வெட்டிவிட்டேன். அகப்பையையும் வெட்டிவிட்டேன். பீப்பாயைக் கொண்டுவந்தவர் பிறகு அகப்பையைக் கொண்டுவந்தால் யார் நம்புவார்கள்?

படங்கள் பத்திரமாக வந்தன. பிரித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், அவ்வளவு அழகு. பிறகுதான் எண்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொரு படத்தின் கீழும் ஓவியர் பென்சிலால் எண் போடுவார் அல்லவா? உங்கள் மாக்பை பறவைப் படத்தில் 24/30 என்று இருக்கிறது. ஜீலோங்கில் ஒருவர் இரவல் தந்த அதே மாக்பையிலும் 24/30. அப்படி வரவே கூடாது. அது போதாதென்று உங்கள் உடுப்புக்கொடிப் படத்தில் 31/30.

எண்ணுக்குப் பக்கத்தில் வளைந்த சிறு குறி ஒன்றும் பதினொன்றிலும் இருக்கிறது. எங்கள் ஆலோசகர், பெரிய நிபுணர், அது மீன்தூண்டில் என்கிறார். கடலோரப் பிள்ளைப்பருவத்தின் ஏக்கமாம். இரண்டு பத்தி எழுதியும் தந்துவிட்டார். என் மேலாளர் பிரவீணா அக்கா கோயம்புத்தூர்க்காரர். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஏம்மா ஃபர்ஹா, இது தூண்டிலா? எனக்கு ‘நி’ன்னு எழுதின மாதிரி இருக்கே?”

மாமா, யார் அந்த ‘நி’?

ஃபர்ஹா

*

கிரான்பர்ன்
22 ஏப்ரல் 2025

பேரறிவுடைய மருமகளே,

இது என்ன கேள்வி? ‘நி’ என்றால் நிஸ்தார். பரீட்சைத் தாளில் புள்ளி போட்டால் பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும். கல்முனையில் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவனுக்கு அது மூச்சு விடுவதைப் போல.

நடந்ததைக் கேள். 2014 பெருநாள். அம்மையார் முதல் படத்தைத் தந்தார். மாக்பை. வேலியில் நின்றுகொண்டு உலகத்தையே விலைக்கு வாங்க வந்ததைப் போன்ற பார்வை. வீட்டுக்குள் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தேன். கீழே பென்சிலால் 7/30.

என் நெஞ்சு வெடித்த சத்தம் டாண்டினோங் வரைக்கும் கேட்டிருக்கும். எழுபத்துமூன்று வயது மனுஷிக்கு முப்பதுக்கு ஏழு புள்ளி! போட்ட படுபாவி யார்? அந்த அவமானத்தையும் மறைக்காமல், அழிக்காமல், பெருநாள் அன்பளிப்பாகத் தந்திருக்கிறாரே, என்ன நேர்மை!

“ஜெஸீமா, அந்த அழிறப்பரைக் கொண்டா” என்றேன்.

“மத்தவங்கட படத்தில கை வைக்காதீங்க” என்றாள் உன் மாமி.

“இது கை வைக்கிறதில்ல, மறுதிருத்தம்.”

நீ நினைப்பதைப் போல வாரி வழங்கவில்லை. இரக்கத்துக்காக ஒரு புள்ளியும் போட்டதில்லை. மாக்பைக்கு 24 தான். ஆறு ஏன் குறைந்தது? இடது கால் பிழை. அது பறவையின் கால் அல்ல, உட்காருகிற கதிரையின் கால். கிரேனுக்கு 19, அவசரத்தில் செய்த வேலை. குப்பைத் தொட்டிக்கு 28. உலகத்திலேயே இவ்வளவு கண்ணியமான குப்பைத் தொட்டியை நான் கண்டதில்லை. அடுத்தடுத்த வருடமும் அந்தப் படுபாவி 4/30, 11/30 என்றே போட்டுக்கொண்டிருந்தான். நானும் விடவில்லை. பதினொரு வருடம் தனி ஆளாக நின்று போராடினேன்.

ஜீலோங்காரரும் அதே 24 போட்டிருக்கிறார் என்றால் அவரும் நல்ல ஆசிரியராக இருக்கவேண்டும். விலாசம் அனுப்பு.

முப்பத்தொன்றைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை.

நீதி தவறாத,
நிஸ்தார்

*

ஸ்ட்ராத்ஃபீல்ட்
29 ஏப்ரல் 2025

மாமா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை உம்மா உரத்து வாசித்து, சிரித்துச் சிரித்துக் குசினியில் கதிரையோடு சரிந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது புள்ளி அல்ல, மாமா. ஒரு பலகையிலிருந்து ஒரே படத்தை முப்பது படிகள் எடுத்தால், ஓவியர் ஒவ்வொரு படியின் கீழும் 1/30, 2/30 என்று தன் கையாலேயே எழுதுவார். 7/30 என்றால் முப்பது படிகளில் ஏழாவது. அவ்வளவுதான். அந்தப் படுபாவி வேறு யாருமில்லை, அம்மையாரே. நீங்கள் அழித்தது அவருடைய கையெழுத்தை. ஜீலோங்காரரின் 24 உண்மையான இருபத்துநான்காவது படி. உங்கள் 24 கதிரைக்கால்.

இனி நான் எங்கே நிற்கிறேன் என்று கேளுங்கள். நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் கண்காட்சி இது. மே 31 திறப்பு. என் ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. நீட்டுவதா இல்லையா என்று இதைப் பார்த்துத்தான் முடிவு. உங்கள் பதினொன்றும்தான் நடுச்சுவர். எண்ணை மாற்றிய படங்களைப் போலி என்று சந்தேகிக்கவேண்டியிருக்கிறது, தொங்கவிட முடியாது என்கிறார் ஆலோசகர். இவை தன்னுடைய படங்கள்தான் என்று ஓவியரே மே 24-க்குள் எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் சுவரில் ஆணிகள் மட்டும்தான்.

நான் போனில் கேட்கலாம். கேட்கமாட்டேன். அழித்தவர் நீங்கள். வேலியடிக்குப் போய் நீங்களே சொல்லுங்கள்.

ஃபர்ஹா

*

கிரான்பர்ன்
8 மே 2025

மகள் ஃபர்ஹா,

உன் கடிதம் வந்த நாள் முதல் தண்ணீர் இறங்கவில்லை. தேநீர் மட்டும் இறங்குகிறது, ஒரு நாளைக்குப் பதினான்கு கோப்பை.

வேலியடிக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை, “மிஸிஸ் ஆட்டில்பி, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்” என்று தொடங்கினேன். “சொல்லு” என்றார். “இந்த வாரம் வெளியே வைக்கவேண்டியது மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் தொட்டி பற்றியே பேசினேன், இந்தமுறை பச்சை. மூன்றாம் தடவை அவரே முந்திக்கொண்டு, “நிஸ்தார், எல்லாத் தொட்டியும் எனக்குத் தெரியும்” என்றார்.

நீ என்னைக் கோழை என்று நினைப்பாய். சிங்கத்தின் வாயில் தலையை விட்டு அதற்குப் பல் துலக்கிவிட்டவன் நான். ஆனால் ஜெஸீமா போன பிறகு இந்தத் தெருவில் என்னோடு சண்டை பிடிக்க இருக்கிற ஒரே ஆள் அந்த மனுஷிதான். என் மகன்மாரும் போனில் “ஓம் வாப்பா, ஓம் வாப்பா” என்று வைத்துவிடுவார்கள். இவர் ஒருவர்தான் “அது பொய், நிஸ்தார்” என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவரும் கதவைச் சாத்திக்கொண்டால் நான் யாருக்குப் பொய் சொல்வது?

நீ கேட்ட முப்பத்தொன்று. 2021-இல் நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் மாமி போனாள். அந்தப் பெருநாளுக்கு நான் வட்டிலப்பம் கொடுக்கவில்லை. படம் மட்டும் வந்தது. கொடியில் துணிகள், நடுவில் மாமியின் ஹவுஸ்கோட். மேலேயிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. அந்தப் பொத்தான் விழுந்தது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன்.

முப்பது போட்டேன். அடுத்த நாள் காலையில் எடுத்துப் பார்த்தேன். முப்பது காணாது போல இருந்தது.

நிஸ்தார்

*

ஸ்ட்ராத்ஃபீல்ட்
13 மே 2025

மாமா,

முப்பத்தொன்றைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். பிரவீணா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஏசிக் காத்தும்மா, கண்ணு எரியுது” என்றார். அந்த அறையில் ஏசி வேலை செய்வதில்லை.

ஆனாலும் 24-ஆம் தேதி 24-ஆம் தேதிதான். போய்ச் சொல்லுங்கோ. தொட்டி பற்றிப் பேசாதீர்கள்.

ஃபர்ஹா

*

கிரான்பர்ன்
19 மே 2025

மகள்,

சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே போனேன், தைரியம் ஆறுவதற்கு முன்னால். அவர் கராஜில் நின்று கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். செதுக்குகிற கத்திதான், ஆனாலும் கத்தி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்: ஏழு, இருபத்துநான்கு, அழிறப்பர், ‘நி’. கதிரைக்கால் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் கேட்டு முடித்தார். கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தென்துருவம் இன்னும் இரண்டு அடி உறைந்திருக்கும்.

“அகப்பையைக் கொண்டு வா” என்றார்.

பெருநாள் போய் ஒன்றரை மாதம். இப்போது அகப்பை எதற்கு? அடிக்கத்தான். கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டித் தலையையும் குனிந்தேன். வாங்கினார். கதவு கீழே இறங்கியது. அன்று முதல் மூன்று நாள் கதவு திறக்கவில்லை, ஜன்னல் சீலையும் விலகவில்லை. கடிதமும் எழுதித் தரவில்லை. ஜெஸீமாவின் அகப்பையும் போயிற்று.

உன் ஆலோசகருக்கு என் வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குற்றவாளி நான், ஓவியமும் மருமகளும் நிரபராதிகள் என்று ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறேன், ஒரு பொய்யும் இல்லாமல். எழுத நாலு மணி நேரம் பிடித்தது. பொய் இல்லாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. அதுவும் சரிவராமல் உன் வேலை போனால் இங்கே வந்துவிடு. அறை இருக்கிறது. வட்டிலப்பம் மட்டும் என் கையால்தான், அதைச் சகிக்கவேண்டும்.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

நிஸ்தார்

*

ஸ்ட்ராத்ஃபீல்ட்
2 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

பத்து நாளாக உங்களுக்கு ஒரு வரியும் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதக்கூடாது என்று கட்டளை.

மே 23, வெள்ளிக்கிழமை. நான் சுவரில் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு, எண்பத்துநான்கு வயதில், மெல்பர்னிலிருந்து பதினொரு மணி நேரம் ரயிலில் வந்து ஒரு நாள் மட்டும் எங்கோ தங்கிக் களைப்பாறிய அம்மையார் உள்ளே வந்தார். கக்கத்தில் சுருட்டிய அட்டைக் குழாய். கைப்பையைத் திறந்து ஆலோசகரின் மேசையில் முதலில் வைத்தது என்ன தெரியுமா? மாமியின் அகப்பை. முதுகு முழுக்கக் கறுப்பு மை. மாமா, அகப்பை விஷயத்தில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பீப்பாய் விஷயத்தில் இல்லை.

“இவை என் படங்கள். புள்ளிகள் நிஸ்தாருடையவை” என்றார் ஆலோசகரிடம்.

அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். 2014-இல் ஹஜ்ஜுப் பெருநாள் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோதே சுவரில் 24-ஐப் பார்த்திருக்கிறார். “கோபம்தான் வந்தது” என்றார். “வீட்டுக்குப் போய் என் பறவையை எடுத்து அவருடைய கண்ணால் பார்த்தேன். இடது கால் பிழை. ஐம்பது வருடமாக என் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் லவ்லி, லவ்லி என்றுவிட்டு கேக் எடுக்கப் போனார்கள். இந்த ஆள் ஒருவர்தான் காலைப் பார்த்தார்.” அடுத்த வருடப் படத்தில் வந்த பறவையின் கால் சரியாக இருந்ததை நீங்கள் கவனித்தீர்களா? 27 போட்டிருக்கிறீர்கள். பிறகு ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளும் வட்டிலப்பம் சாப்பிடுகிற சாக்கில் தன் புள்ளியைப் பார்க்கவே வந்தாராம். கிரேனுக்கு 19 விழுந்த வருடம் ஒரு கிழமை தூக்கமில்லை என்றார். முப்பத்தொன்றை மட்டும் தானே எடுத்து நடு ஆணியில் மாட்டினார்.

இவ்வளவையும் அன்றே உங்களிடம் சொல்லத் துடித்தேன். “வேண்டாம்” என்றார். “பதினொரு வருடம் எனக்குப் புள்ளி போட்டவர், பத்து நாள் பெறுபேறு வராமல் காத்திருக்கட்டும்.”

பதினொன்றும் நடுச்சுவரில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் கீழும் அம்மையார் சொல்லி நான் எழுதிய குறிப்பு: “மாக்பை, ஏழாவது படி. புள்ளி: 24. திருத்தியவர்: நிஸ்தார், கணித ஆசிரியர், கல்முனை.” தூண்டில் பத்திகளை ஆலோசகர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார். திறப்பன்று சனங்கள் தாங்களும் புள்ளி போடவேண்டும் என்று பென்சில் கேட்டார்கள். உடுப்புக்கொடிப் படத்துக்கு முன்னால்தான் வரிசை நீளம். என் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு நீண்டிருக்கிறது.

குழாய்க்குள் இருந்தது புதுப் படம். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தது. குசினி மேசையில் ஒருவர், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் அழிறப்பர், உலகத்தைக் காப்பாற்றுகிற முகம். முப்பது படிகள். இருபத்தொன்பதில் எண் இருக்கிறது. உங்களுக்கான படியில் கோடு மட்டும் போட்டு, கோட்டுக்குக் கீழே 30 எழுதி, மேலே வெறுமையாக விட்டிருக்கிறார். இத்துடன் வருகிறது. “எத்தனை என்று அவரே போடட்டும்” என்றார்.

வாட்ஸப்பில் முடக்கத்தை நீக்கிவிட்டேன். ஒரு நாளைக்கு மூன்று குரல்பதிவு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஃபர்ஹா

*

கிரான்பர்ன்
11 ஜூன் 2025

என் கண்ணான மருமகளே,

படம் வந்தது. நீ எழுதியதை வாசித்துவிட்டு நான் அழவில்லை. கிரான்பர்னில் வெள்ளம் வந்ததாக யாராவது சொன்னால் அது வேறு காரணம்.

மூன்று நாள் திருத்தினேன். வெளிச்சத்தில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். மூக்கு, கண்ணாடி, விரல் எல்லாம் அப்படியே நான். சுவரில் ஆணியில் தொங்குகிற அகப்பையையும் மறக்கவில்லை. முப்பது போடத்தான் கை போனது. ஆனால் நீதி நீதிதான். தொந்தி பெரிதாகிவிட்டது. ஒரு புள்ளியைக் குறைத்து 29 போட்டு, ‘நி’ வைத்து, வேலியடிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“தொந்தி பிழையா?” என்றார்.

“பிழை.”

“பதினொரு வருடமாக இந்த வேலிக்கு மேலால் அதை அளந்துகொண்டிருக்கிறேன், நிஸ்தார்.”

“வெளிச்சம் சரியில்லாத நேரத்தில் அளந்திருப்பீர்கள்.”

“அது பொய்” என்றார். எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு!

அடுத்த நாள் என் தபால்பெட்டியில் எழுத்துமூலம் மறுதிருத்த விண்ணப்பம். காரணம், சாட்சி, கையொப்பம் எல்லாம் முறையாக இருந்தன. வாசலில் அகப்பை கழுவித் துடைத்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் மூடியிட்ட சட்டி. திறந்தால் வட்டிலப்பம்! கருப்பட்டிக்குப் பதிலாக ஏதோ சிரப், ஏலக்காய்க்குப் பதிலாக எதுவும் இல்லை. கரண்டியை நட்டால் கொடிக்கம்பம் போல நிற்கிறது. அப்பட்டமான இலஞ்சம். முழுதையும் சாப்பிட்டேன்.

29 மாறாது என்று பதில் எழுதிவிட்டேன். சட்டியைக் கழுவி, மூடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, வேலிக்கு மேலால் திருப்பிக் கொடுத்தேன். தாளில் வட்டிலப்பத்துக்கான புள்ளியைப் பென்சிலால் எழுதி ‘நி’ வைத்திருக்கிறேன்.

முப்பதுக்கு ஏழு.

அழிறப்பரை எடுக்கவே இல்லை.

மாமன்,
நிஸ்தார்